நிலம் கேட்ட பெண்கள்

(நமது கூட்டமைப்பின் மகளிர் தின விழாவில், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை மாற்றாமல் கொடுத்திருக்கிறோம்.)



தலைவி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "டீச்சர், சந்தா, உள்கடன், வட்டி எல்லாம் நாங்களே மாசாமாசம் பேசிக்கிறோம். நீங்க வெளிநாடு போயிட்டு வந்தீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார். வெளிநாடு என்றால் சுற்றுலா இல்லை. என் மகள் அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக 2024 ஜனவரியில் போனேன். மூன்று மாதம் பேத்தியைக் குளிப்பாட்டினேன், சமையல் பார்த்தேன், குளிரில் நடுங்கினேன். வெளியே போனது நாலைந்து தடவைதான். அந்த நாலைந்தில் ரெண்டு ஊர் மனசில் நின்னுபோச்சு. ரெண்டுமே பெண்கள் ஆரம்பித்த ஊர்கள்.

அயர்லாந்து ஒரு தீவு. நம் தமிழ்நாட்டைவிடப் பரப்பில் சிறியது. அங்கே கிறிஸ்தவ மதம் ஐந்தாம் நூற்றாண்டில் பரவியது. பேட்ரிக் என்ற புனிதர் பெயரை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராக ஆண்களும் பெண்களும் மடங்கள் அமைத்தார்கள். பெரிய கோவில் மாதிரி நினைக்காதீங்க. வட்டமாக ஒரு மண் கரை. அதற்குள்ளே மரத்தால் கட்டிய சின்ன ஆலயம், தங்கும் குடிசைகள், சமையல் கூடம், மாட்டுக் கொட்டகை, தோட்டம், கல்லறை. அவ்வளவுதான். மரம் என்பதால் அந்த முதல் கட்டடங்கள் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. இப்போது பார்க்கிற கல் கட்டடம் எல்லாம் பல நூறு வருஷம் கழித்து வந்தவை.

ஆனால் பெயர் நின்றுவிட்டது. அவர்கள் மொழியில் 'கில்' என்றால் ஆலயம். கில்டேர், கில்லீவி, கில்லீடி என்று வரைபடத்தில் எங்கே விரல் வைத்தாலும் ஒரு 'கில்' வரும். நமக்குப் பட்டி, பாளையம் மாதிரி. அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் யாரோ ஒரு புனிதர் பெயர் உள்ளே இருக்கும், அல்லது அந்த இடத்தின் அடையாளம் இருக்கும். கில்டேர் என்றால் கருவாலி மரத்து ஆலயம். கருவாலி என்பது அங்கே காட்டில் வளரும் உறுதியான மரம். அந்த ஊரை ஆரம்பித்தவர் பிரிஜிட் என்ற பெண்.

பிரிஜிட் கதைக்குப் போகும் முன்னால் பணத்தைப் பற்றி ஒரு விஷயம். நமக்குப் பணக் கணக்கு பழகிய விஷயம், அதனால் சொல்றேன். அந்தக் காலத்து அயர்லாந்தில் நாணயம் கிடையாது. பசுதான் பணம். அபராதம் கட்டுவது, சீர் கொடுப்பது எல்லாம் பசுக் கணக்கில்தான். பசுவுக்கு மேலே இன்னொரு அளவு இருந்தது. அதற்குப் பெயர் 'குமல்'. ஒரு குமல் என்றால் பெரும்பாலும் மூன்று கறவைப் பசு. நிலத்தையும் குமல் கணக்கில் மதிப்பிட்டார்கள். சரி, குமல் என்ற சொல்லுக்கு நேர் அர்த்தம் என்ன தெரியுமா? அடிமைப் பெண். ஒரு பெண்ணின் விலையை வைத்து நிலத்தை அளந்தார்கள். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரிஜிட்டின் அம்மா அப்படி ஒரு அடிமைப் பெண் என்றுதான் கதை சொல்கிறது. அப்பா வசதியான ஆள். அவருடைய மனைவிக்குப் பொறுக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு அந்த அம்மாவை விற்றுவிட்டார்கள். பிரிஜிட் வளர்ந்து, அம்மாவைத் தேடிப் போகிறாள். அம்மா ஒரு பால் பண்ணையில் வெண்ணெய் கடைகிறார். மகள் அந்த வேலையைத் தான் வாங்கிக்கொள்கிறாள். கடைந்த வெண்ணெயைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து, நடுவில் ஒரு பங்கு பெரிதாக வைத்து, அதை ஏழைகளுக்கு விருந்தாளிகளுக்கு என்று கொடுப்பாளாம். முதலாளி கணக்குப் பார்க்க வந்தபோது பாத்திரம் நிறைந்திருந்தது என்று அற்புதக் கதை. அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு முக்கியம் அதற்கு அடுத்த வரி. வெண்ணெயும் பசுவும் தருகிறேன் என்கிறார் முதலாளி. பிரிஜிட் அது வேண்டாம், என் அம்மாவை விடுதலை பண்ணுங்க என்கிறாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடணும். பிரிஜிட் 451 வாக்கில் பிறந்து 525 வாக்கில் இறந்ததாகப் பாரம்பரியம். ஆனால் அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியவர்கள். அதே பெயரில் பழைய தெய்வம் ஒன்றும் அந்த நாட்டில் இருந்தது. தெய்வத்தின் கதையும் மனுஷியின் கதையும் கலந்துவிட்டன என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் ஊரில் கன்னியம்மன் கதை, பூவாடைக்காரி கதை கேட்டவர்களுக்கு இது புதுசு இல்லை.

நிலம் கேட்ட கதையைச் சொல்றேன். மடம் கட்ட இடம் வேண்டும் என்று அந்த நாட்டு அரசனிடம் போய்க் கேட்டாராம். அரசன் சிரித்தான். "என் போர்வை விரிகிற அளவு போதும்" என்றாராம் பிரிஜிட். அவ்வளவுதானே, எடுத்துக்கோ என்றான். போர்வையின் நாலு முனையையும் நாலு பெண்கள் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். போர்வை விரிந்துகொண்டே போய் ஒரு சமவெளி முழுசையும் மூடிவிட்டது. இது பிற்காலத்து நாட்டுப்புறக் கதைதான். ஆனால் அந்தச் சமவெளி நிஜம். கரா என்று பெயர். கில்டேர் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 5,000 ஏக்கர் திறந்த புல்வெளி. இன்றைக்கும் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. ரயிலில் போகும்போது என் மகள் ஜன்னல் வழியே காட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வேலியே இல்லாத பச்சை.

ஏன் நிலத்தைச் சுற்றியே இந்தக் கதைகள்? அந்தக் காலத்துச் சட்டப்படி மகன் இருந்தால் மகளுக்கு நிலம் கிடையாது. மகன் இல்லாவிட்டால் மகள் அனுபவிக்கலாம், ஆனால் அவள் ஆயுசு வரைக்கும்தான். அப்புறம் அது அப்பா வழி ஆண்களுக்குத் திரும்பிவிடும். ஆக ஒரு பெண் நிலையாக நிலத்தை ஆள வேண்டும் என்றால், கூட இருக்கிற பெண்களை வாரிசாக்கிவிட்டுப் போக வேண்டும் என்றால், மடம் ஒன்றுதான் வழி. பக்தியும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. பத்திரக் கணக்கும் இருந்தது.

கில்டேர் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்குக் கதை மட்டும் இல்லை, சாட்சியும் உண்டு. கோகிடோசஸ் என்ற துறவி ஏழாம் நூற்றாண்டில் அந்த ஆலயத்தை எழுதி வைத்திருக்கிறார். உயரமான ஆலயம். உள்ளே பலகைத் தடுப்புகள், சித்திரங்கள், துணித் திரைகள். பீடத்துக்கு ஒருபுறம் பிரிஜிட் கல்லறை, இன்னொருபுறம் பிஷப் கோன்லெத் கல்லறை, தங்கம் வெள்ளி வேலைப்பாட்டோடு. ஆண்கள் ஒரு வாசல், பெண்கள் ஒரு வாசல். பிஷப் வலது கதவு வழியே வருவார், மடத் தலைவி இடது கதவு வழியே தன் சகோதரிகளோடு வருவார். அந்த பிஷப்பைத் தனியாகத் தவம் இருந்த இடத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்ததே பிரிஜிட்தான் என்று அவரே எழுதுகிறார். பிஷப்பை ஒரு பெண் தேர்ந்தெடுத்தார்! இன்றைக்கு எந்த ஊரில் நடக்கும், சொல்லுங்க.

அப்புறம் அந்த நெருப்பு. 1185 வாக்கில் ஜெரால்ட் என்ற பாதிரியார் வேல்ஸ் நாட்டிலிருந்து அயர்லாந்துக்கு வந்தார். அவர் எழுதியது இது. கில்டேரில் அணையாத நெருப்பு ஒன்று உண்டு. பிரிஜிட் இருந்தபோது அவரையும் சேர்த்து இருபது பேர். அவர் இறந்தபின் பத்தொன்பது பேர். ஆளுக்கு ஒரு ராத்திரி முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இருபதாவது ராத்திரி, கடைசியாக முறை பார்த்த சகோதரி விறகை அடுக்கி வைத்துவிட்டு, இன்று உங்கள் முறை என்று பிரிஜிட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். காலையில் நெருப்பு இருக்கும். சுற்றிலும் ஒரு செடி வேலி. ஆண் யாரும் அதைத் தாண்டக்கூடாது. வாயால் ஊதக்கூடாது, துருத்தி அல்லது முறம்தான். (சிரிப்பு) ஆமாம், முறம்தான். பன்னிரண்டுக்குக் குறையாமல் இருபதுக்கு மேற்படாமல் என்று நம் குழுவுக்கு விதி இருக்கிறதே, இதைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவர்களுக்கும் இருபதுதான். வராத உறுப்பினருக்கும் முறை உண்டு!

இப்போ கொஞ்சம் கஷ்டமான விஷயம். இதை விட்டுவிட்டுப் பேசலாமா என்று யோசித்தேன். விடக்கூடாது என்றுதான் தோணுது.

பெரிய மடம், பெரிய நிலம் என்றால் பெரிய குடும்பங்களுக்குக் கண் இருக்கும். மடத் தலைவி பதவி ஆளும் குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அடிமைப் பெண்ணின் மகள் ஆரம்பித்த இடம் கடைசியில் அரச குடும்பங்களின் சண்டைப் பொருளாகிவிட்டது. 1132ஆம் ஆண்டு டெர்மட் மக்மரோ என்ற அரசனின் ஆட்கள் கில்டேரைத் தாக்கினார்கள். மடத் தலைவியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு ஆள் அவரைக் கெடுக்கும்படி செய்தார்கள். ஏன்? கன்னிமை போய்விட்டால் அவர் அந்தப் பதவியில் இருக்க முடியாது. அந்த நாற்காலியில் தன் சொந்தக்காரப் பெண்ணை உட்கார வைக்க வேண்டும். இது அந்த நாட்டு ஆண்டுக் குறிப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் துறவிகள், ஆண்கள். மறைக்காமல் எழுதினார்கள் என்பதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். டெர்மட் என்ற பெயர் அயர்லாந்தில் எல்லாருக்கும் தெரியும், பின்னாளில் வெளிநாட்டுப் படையை நாட்டுக்குள் கூட்டிவந்த ஆள் என்று. அதற்காகத் திட்டுவார்கள். 1132க்காகத் திட்டுகிறவர்கள் குறைவு.

உட்கார்ந்திருக்கிற பெண்ணை நாற்காலியிலிருந்து இறக்கணும் என்றால் முதலில் எதை வைத்து அடிக்கிறார்கள் என்று நம் பஞ்சாயத்துத் தலைவிகளாக இருந்த அக்காக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த நெருப்பையும் 1220இல் டப்ளின் பேராயர் அணைக்கச் சொன்னார். திரும்ப ஏற்றினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசு மடங்களை எல்லாம் மூடியபோது அதுவும் முடிந்தது. நானூறு வருஷத்துக்கும் மேலே இருட்டு. 1993இல் பிரிஜிட் பெயரில் இருக்கிற ஒரு கன்னியர் சபைச் சகோதரிகள் கில்டேர் சந்தைத் திடலில் மறுபடி ஏற்றினார்கள். 2006இல் அதே திடலில் ஒரு நிரந்தரச் சுடர் வைத்தபோது ஏற்றியவர் மேரி மக்அலீஸ், அப்போதைய நாட்டுத் தலைவர். அவரும் பெண்தான். 2023 முதல் பிப்ரவரித் தொடக்கத்தில் பிரிஜிட் பெயரில் அரசு விடுமுறை. அந்த நாட்டில் ஒரு பெண் பெயரில் வந்த முதல் அரசு விடுமுறை அது.

நான் போன நேரம் அவருடைய எலும்பு என்று நம்பப்படும் ஒரு சிறு துண்டை ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். கடல் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஊரைவிட்டுப் போன எலும்புகள். அவர் இறந்து 1,500 வருஷம் என்று கணக்கு வைத்து, 2024 ஜனவரி கடைசியில் கொண்டுவந்தார்கள். பழைய பேராலயத்து வளாகத்தில் 32 மீட்டர் உயர வட்டக் கோபுரம் நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு. வாசல் தரையில் இல்லை, ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே புல்லுக்கு நடுவில் தாழ்வாக ஒரு கல் அடித்தளம். நெருப்பு இருந்த இடம் என்கிறார்கள். நாலு சுவருக்குள் நம் ரேஷன் கடை அளவு இருக்கும். கோபுரத்தைத்தான் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் அந்தக் கல்லின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்னேன்.

அடுத்த ஊர் பாலிவூர்னி. தென்மேற்கே கார்க் மாவட்டம். மருமகன் காரில் கூட்டிப் போனார், பேத்தி வழியெல்லாம் அழுகை. பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கோப்னெட் என்ற புனிதரின் திருநாள். ஆறாம் நூற்றாண்டுப் பெண். வீட்டுப் பகை காரணமாக ஓடி ஒரு சின்னத் தீவில் ஒளிந்திருந்தாராம். உன் இடம் இது இல்லை, ஒன்பது வெள்ளை மான் மேய்கிற இடம் எதுவோ அதுதான் என்று தேவதூதர் சொல்ல, நடந்தார். ஒரு ஊரில் மூன்று மான், இன்னொரு ஊரில் ஆறு. பாலிவூர்னியில் ஒன்பது. அங்கே மடம் கட்டினார்.

கோப்னெட் தேனீ வளர்த்தவர். மாடு திருட வந்தவர்கள்மேல் தேனீக்களை ஏவிவிட்டார், திருடர்கள் மாட்டை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று கதை. தேன் அங்கே சாப்பாடு மட்டும் இல்லை. புண்ணுக்கு மருந்து, மெழுகு ஆலயத்துக்கு விளக்கு. எவ்வளவு முக்கியம் என்றால், தேனீக்கு என்றே தனியாக ஒரு சட்ட நூல் ஏழாம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார்கள். உன் தேனீ என் நிலத்துப் பூவில் மேய்ந்தால் எனக்கு என்ன பங்கு என்று அதில் விவரமாக இருக்கிறது. தேன்பெட்டி வைத்திருக்கிற குழுக்காரர்கள் இதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லிடாதீங்க.

எனக்கு இன்னும் பிடித்தது இது. 1951இல் தொல்லியல் அறிஞர் ஓகெல்லி கோப்னெட் வீடு என்று மக்கள் சொல்லிவந்த வட்டக் கல்வீட்டைத் தோண்டினார். இரும்பு உருக்கிய கழிவுகள் கிடைத்தன. கொல்லுப்பட்டறை வேலை நடந்த இடம். கோப்னெட் என்ற பெயரிலேயே கொல்லர் என்ற சொல் ஒளிந்திருக்கிறது என்று சொல்வார்கள். புனிதர் இரும்பு அடித்தாரா என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் அந்த வட்டத்துக்குள்ளே ஜெபம் மட்டும் நடக்கவில்லை என்பது தெளிவு.

மற்ற ரெண்டு பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரமாகிறது. கில்லீடி ஊரை அமைத்த ஈட்டாவுக்கு ஊர்த் தலைவன் நிறைய நிலம் கொடுக்க வந்தான். நாலு ஏக்கர் தோட்டம் போதும், மிச்சம் வேண்டாம் என்றுவிட்டார். ஊர்ப் பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைத்தார். கடல் பயணத்துக்குப் பெயர் பெற்ற புனிதர் பிரெண்டன் சின்னக் குழந்தையாக அவர் மடியில் வளர்ந்தவர். இன்னொருவர் மொனின்னா. எட்டுக் கன்னிப்பெண்கள், கைக்குழந்தையோடு ஒரு விதவை. இவ்வளவு பேரோடுதான் ஆரம்பித்தார். அவர் அமைத்த கில்லீவி மடத்தை 923இல் கடல் கொள்ளையர்கள் சூறையாடினார்கள். அதற்குப் பிறகும் 1542 வரைக்கும் அங்கே பெண்கள் இருந்தார்கள். ஆயிரம் வருஷம்! அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். அது வட அயர்லாந்தில் இருக்கிறது, பிரிட்டன் ஆட்சிக்கு உட்பட்டது. என் விசா செல்லாது. ரோட்டில் ஒரு கேட்டுகூட இல்லை அம்மா, சும்மா போயிடலாம்தான் என்றாள் மகள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்துவிட்டு அதைச் செய்ய மனசு வரவில்லை.

இதெல்லாம் கேட்டுவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். மடத் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தாலும், பால் கறந்தது, துணி துவைத்தது, மாவு அரைத்தது பெயர் தெரியாத பெண்கள்தான். அவர்களைப் பற்றி எந்த ஏட்டிலும் இல்லை. நம்முடைய தீர்மான நோட்டில் கைநாட்டு வைத்த அக்காவின் பெயரும் இருக்கிறது. அது எனக்குப் பெரிசாகப் படுகிறது.

அங்கே பின்வரிசையில் ஒரு தங்கச்சி கையைத் தூக்குது. என்னம்மா? கையில் என்ன வச்சிருக்கீங்க என்றா? சொல்றேன். பாலிவூர்னி ஆலயத்தில் கோப்னெட்டின் சின்ன மரச் சிலை ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிலை. திருநாள் அன்றைக்கு வெளியே வைப்பார்கள். ஜனங்கள் வீட்டிலிருந்து ரிப்பன் கொண்டுவந்து, சிலையின் நீளத்துக்கு ஒரு தடவை, சுற்றளவுக்கு ஒரு தடவை வைத்து அளந்து எடுத்துப் போவார்கள். வருஷம் முழுக்க வீட்டில் வைத்திருந்து, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கட்டிவிடுவார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிழவி, எனக்கு ரிப்பன் இல்லை என்று பார்த்து, தன்னுடையதில் பாதியைக் கத்தரித்துக் கொடுத்தார். பல்லால் கடித்துத்தான் கத்தரித்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை.

இதுதான் அது. வெள்ளை ரிப்பன், கொஞ்சம் அழுக்காகிவிட்டது. முன்வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்புங்க, எல்லாரும் பாருங்க. கடைசியில் தலைவி கையில் கொடுத்துடுங்க, நான் போகும்போது வாங்கிக்கறேன்.